அரை பிசகிய கணக்கு

ஞாயிறு மலர் அச்சேற இன்று மாலையே கெடு; மேஜைமேலோ, கிரீட் தீவின் 'லீனியர் ஏ' எழுத்தைப் படித்தாகிவிட்டதா இல்லையா என்று வினவும் வாசகர் கடிதங்கள். குழப்பத்திற்குக் காரணம் வாசகர்களல்லர். பண்டிதர்கள் தாராளமாக வழங்கும் 'வாசிப்பு' என்ற சொல்லே.

வாசிப்பு என்பது யாது?

1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ், லீனியர் பி-யின் மொழி கிரேக்கமே என்று கண்டபின், அதன் குறிகளுக்குரிய ஒலிகளை, அதற்கு மூத்த எழுத்தான லீனியர் ஏ-யின் ஒத்த குறிகளுக்கும் இரவல் கொடுத்து உச்சரிப்பதையே அவர்கள் வாசிப்பு என்கிறார்கள். அர்த்தம் அதில் அடக்கமன்று.

அர்த்தம் புலப்பட்ட சொல் ஒன்றேனும் உண்டா?

உண்டு, அதைக் கண்ட உபாயந்தான் ரசமானது. கிரீட்டின் ஹாகியா ட்ரியாடாவில் அகப்பட்ட களிமண் பலகைகள் சிலவற்றில், பெயரும் எண்ணுமாக வரிசை இறங்கி, இறுதியில் 'கு-ரோ' என்ற சொல்லும் பெரியதோர் எண்ணும் நிற்கின்றன. செங்குத்துக் கோடு ஒன்று, கிடைக்கோடு பத்து, வட்டம் நூறு என்று அறிந்தவருக்கு, அவற்றைக் கூட்டிப் பார்க்கப் பாஷா ஞானம் வேண்டியதில்லை. கூட்டினால் அந்த எண் வருகிறது. ஆகவே அச்சொல் 'ஆக மொத்தம்'. பதின்மூன்றாம் பலகையிலுள்ள திராட்சை மதுக் கணக்கிலோ 5½, 56, 27½, 18, 19, 5 எனும் ஆறு இனங்களும் சேர்ந்து 131 ஆக, கணக்குப்பிள்ளை எழுதிவைத்ததோ 130½. மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த அரையைப் பிசகென்று நம்மால் சுட்ட முடிகிறதே, அதுதான் இவ்வுபாயத்தின் பலம். லீனியர் ஏ-யின் மொழி செமித்தியம் என்றும் லூவியம் என்றும் சொல்லுக்குச் சொல் பொருத்தம் காட்டும் வியாக்கியானங்களில், பொருந்தாத இடத்தைச் சுட்ட அத்தகைய கூட்டல் ஏதுமில்லை.

பலகைகள் எவ்வாறு பிழைத்தன?

சுடாத மண்ணாலானவை; கட்டடம் தீக்கிரையானபோது வெந்து இறுகின.

பைஸ்தோஸ் வட்டு?

கிரீட்டிலேயே 1908-இல் கிடைத்தது, அச்சு ஒற்றிய 45 வகைக் குறிகள், அது வேறு எழுத்து.

கணினி தீர்த்துவிடாதா?

எஞ்சியவை ஏழாயிரத்துச் சொச்சம் குறிகளே. இயந்திரத்துக்கும் அது அரைவயிற்றுத் தீனி.

மர்மம் அவிழ்ந்ததென்று மறுபடியும் செய்தி வந்தால்?

தம் வாசிப்பு தவறாயின் அது எந்தப் பலகையில் அம்பலமாகும் என்று அவிழ்த்தவரைக் கேளுங்கள்.