படத்தில் தோன்றும் வெண்புள்ளிகள்

மின்கம்பிக்கு உறை இருத்தல்போல நரம்பிழைக்கும் மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. உடலைக் காக்கும் ஆற்றலே மாறி நின்று அவ்வுறையை அழிக்குமாயின், பார்வை மங்கும்; கால் மரத்துப்போகும்; நடை தளரும். இதுவே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய்.

1868ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் ஷார்கோ இந்நோயைத் தெளிவுற விளக்கினார். இறந்தோர் மூளையில் அவர் கண்ட தழும்புகளை, இன்று எம்.ஆர்.ஐ. படம் உயிருள்ளோரிடத்தே வெண்புள்ளிகளாகக் காட்டுகின்றது.

ஆயினும், முதுமையாலும் இரத்தக் கொதிப்பாலும் மூளையில் வெண்புள்ளிகள் தோன்றலாம். தண்டுவடத்தில் அவை முதுமையால் தோன்றுவது அரிது. ஆதலின் அங்குக் காணும் புள்ளி வலிய சான்றாகும். புள்ளிகள் பல இடங்களில் உள்ளனவா, வெவ்வேறு காலங்களில் எழுந்தனவா என மருத்துவர் ஆராய்வர். நோயாளியின் குறிகளோடு அவற்றைப் பொருத்திப் பார்த்த பின்னரே முடிவு கூறுவர். ஆகவே, புள்ளி கண்டவுடன் அஞ்சுதல் வேண்டா. மருத்துவரை அணுகித் தெளிதலே அறிவுடைமை.