நிழல்மரமா, பூஞ்செடியா? - உரும்பிராய் வளவு பற்றிய ஒரு நோக்கு

வீட்டு வளவில் எதனை நடுவது என்னும் வினா பெரும்பாலும் இரசனை சார்ந்த ஒன்றாகவே கருதப்படுகிறது. ஆயின், நீர், உழைப்பு, காணியுரிமை ஆகியவற்றின் அடிப்படையில் நோக்குமிடத்து, இரசனைக்கும் ஒரு பொருளியல் அடித்தளம் உண்டென்பது புலனாகும். வலிகாமம் கிழக்கிலுள்ள உரும்பிராயை முன்வைத்து இதனை விளக்க முற்படுவோம்.

உரும்பிராய், சுண்ணாம்புப் பாறையின்மீது அமைந்த செம்மண் ஊர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை பாறை வெடிப்புகளினூடே இறங்கி, கடல்நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகும். வெங்காயமும் புகையிலையும் குடிக்கும் அதே நீரையே வீட்டுச் செடியும் வேண்டி நிற்கிறது.

செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை என்பன சிறிய இடத்தில் அடங்குவன, விரைவிற் பூப்பன. ஆனால் கோடை முழுவதும் நீர் வேண்டுவன. அந்நீரைச் சுமப்போர் பெரும்பாலும் பெண்களே; அவ்வுழைப்பு எக்கணக்கிலும் சேர்வதில்லை. வேம்போ, முதலிரண்டு மூன்று ஆண்டுகள் பேணப்பட்டால், பின்னர் தன் ஈரத்தைத் தானே தேடிக்கொள்ளும். மாசி, பங்குனியில் இலையுதிர்த்து, வெயில் உச்சங்கொள்ளுமுன் தழைத்துவிடும். அதன் பூ வடகமாகும், குழை பசளையாகும்.

எனவே மரமே மேலானதெனத் தீர்ப்பளித்தல் எளிமைப்படுத்தலாகும். சீதனமாகவும் முதுசமாகவும் பங்கிடப்பட்ட வளவுகள் பல ஓரிரு பரப்பாகச் சுருங்கிவிட்டன. அங்கு ஒருவரின் வேம்பு மற்றவரின் கூரைக்கும் கிணற்றுக் கட்டுக்கும் இடையூறாகலாம். அன்றியும், நிழல்மரம் நடுவோர் பத்தாண்டின் பின்னரும் அவ்விடத்தில் இருப்போமென்று நம்புவோராவர். புன்னையை மகளின் உடன்பிறந்தாளாகத் தாய் கூறும் நற்றிணை 172 ஆம் பாடலும், ஓரிடத்தில் நிலைத்த வாழ்வையே முன்னிபந்தனையாகக் கொண்டது. வாடகைக் குடியிருப்பாளருக்கும் காணியற்றோருக்கும் அந்நம்பிக்கை கிடைப்பதில்லை. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, காணியுடையோரும் அதனை இழந்தனர். பூஞ்செடியை விரும்புவோரை ஆழமற்ற இரசனையுடையோர் என இகழ்வது இதனாலேயே பொருந்தாது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட விடையொன்றை நம் தோட்டக்காரர் முன்னரே கண்டிருந்தனர். அதுவே பூவரசு. செவ்வரத்தையின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம், காலையில் மஞ்சளாக மலர்ந்து மாலையிற் சிவக்கும் பூவையுடையது. கதியாலாக ஊன்றினால் வேர்விடும். வெட்ட வெட்டத் தழைக்கும். அதன் குழை தோட்டங்களில் தாழ்க்கப்பட்டது. வேலி, நிழல், பூ, பசளை ஆகிய நான்கும் ஒன்றிலேயே கிடைத்தன. வேலியின் இடத்தை மதில் பிடித்தபோது இவையனைத்தும் ஒருங்கே இழக்கப்பட்டன.

ஆகவே, சிறிய வளவில் பிற்பகல் வெயில் விழும் மேற்கெல்லையில் பூவரசையும், குளித்த நீர் வழிந்தோடும் கிணற்றடியில் பூஞ்செடியையும் நடுதல் தகும். இவ்வாறாயின் செடிக்கெனத் தனியே நீர் சுமக்க வேண்டியதில்லை. வேம்புக்குரிய இடம் பாடசாலை முற்றமும் வாசிகசாலை முன்றலுமாகும். காணியற்றோரும் உரிமையோடு நிற்கக்கூடிய நிழல் அங்கேயே வளரும்.