உங்களுக்குத் தெரியுமா? ஊசி ஒடிந்தால் கேமரா சொல்லும்!

திருப்பூர் நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி ஒடிந்தால், ஆபரேட்டர் கவனிக்கும்வரை துணியில் நெடுகக் கோடு விழுந்துகொண்டே இருக்கும். துணியை விளக்கடியில் ஓட்டிக் கண்ணால் பார்ப்பதுதான் பழைய வழி. அப்படிக் கண்ட குறைகளை மதிப்பிடும் 4 பாயின்ட் முறையில் 3 அங்குலம் வரையுள்ள குறைக்கு 1 புள்ளி. 9 அங்குலத்தைத் தாண்டினால் 4.

இப்போது போர்ச்சுகலின் ஸ்மார்டெக்ஸ் போன்ற நிறுவனங்கள் மெஷினிலேயே கேமரா பொருத்துகின்றன. ஏஐ குறையைக் கண்டதும் மெஷின் நின்றுவிடும்.

இந்த ஏஐயை உருவாக்க கோடிங் மட்டும் போதாது. எது எண்ணெய்க் கறை, எது லைக்ரா கட் (லைக்ரா இழை அறுந்த குறை) என்று அடையாளமிட்ட படங்கள் ஏராளமாக வேண்டும். அதைப் பிரித்துச் சொல்லும் கண் நம் செக்கிங் தொழிலாளர்களுடையது. உள்ளூர் மென்பொருள்காரர்கள் முதலில் அவர்களிடம்தான் போக வேண்டும். ஒரே கறை வெள்ளைத் துணியில் ஒருவிதம், சாம்பல் நிறம் கலந்த கிரே மெலாஞ்ச் துணியில் வேறுவிதம். இரண்டுக்கும் தனித்தனியே படம் தேவை.