மர்மப் படங்களின் தொடக்கமும் அச்சத்தின் சமூகத் தளமும்

மர்மப் படமொன்றின் முதற் காட்சிகள் கதையைத் தொடக்கி வைப்பதோடு நின்றுவிடுவதில்லை. எதற்கு அஞ்சவேண்டும், யாரை ஐயுறவேண்டும் என்பனவற்றையும் அவை பார்வையாளனுக்கு முன்கூட்டியே வகுத்துக் கொடுத்துவிடுகின்றன. இருளும் மழையும் வெடியோசையும் இவ்வகைப் படங்கள் யாவற்றுக்கும் பொதுவான கருவிகள். ஆகவே, அவற்றைக் கையாளும் திறனை வியந்து நிற்பது போதாது. அவை எழுப்பும் அச்சம் எத்தகைய சமூகத் தளத்திலிருந்து பிறக்கின்றது என்பதே ஆராயத்தக்கது.

ஏ.வி.எம். நிறுவனத்தின் தயாரிப்பாக 1954 இல் வெளிவந்த ‘அந்த நாள்’ இவ்வகையில் முதன்மையான சான்று. எஸ். பாலசந்தர் நெறிப்படுத்திய இப்படத்திற் பாடல் இல்லை, நடனமும் இல்லை. தொடக்கத்திலேயே வானொலிப் பொறியியலாளனான ராஜன் சுடப்பட்டு இறக்கிறான். அப்பாத்திரத்தை ஏற்றவர் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’ வெளிவந்து இரண்டாண்டுகளுக்குள் அவர் பெற்றிருந்த செல்வாக்கைக் கருதினால், இது வெறும் கதையுத்தி அன்று என்பது புலனாகும். நட்சத்திர நடிகனின் வருகைக்காகக் காத்திருக்கப் பழக்கப்பட்ட இரசிகனிடமிருந்து அந்தப் பிடிமானம் பறிக்கப்படுகின்றது. இனி அவன் கவனிக்கவேண்டியது தலைவனின் சாகசங்களை அல்ல. இறந்தவனைச் சூழ்ந்திருந்த உறவுகளையே. முதல் வெளியீட்டிற் படம் வணிக வெற்றி பெறாமைக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

கொலை நிகழும் காலமும் மனங்கொள்ளத்தக்கது. யப்பானியர் சென்னைமீது குண்டு வீசிய 1943 ஒக்டோபர் நாள்களே படத்தின் களம். அதற்கு முந்திய ஆண்டில், படையெடுப்புக்கு அஞ்சி மக்கள் பெருந்தொகையாக அந்நகரை விட்டு நீங்கியிருந்தனர். 1954 இற் படம் பார்த்தவர்க்கு அது பதினொரு ஆண்டுப் பழைய நினைவு. எனவே ராஜனைக் கொன்ற ஒற்றை வேட்டு, போரினால் ஏற்கெனவே குலைந்திருந்த வாழ்வினுள்ளேயே ஒலிக்கின்றது. மாருதி ராவின் ஒளிப்பதிவு முகங்களைப் பாதி இருளில் வைப்பது இதனாலேயே அலங்காரமாகத் தோன்றுவதில்லை. (தன் கண்டுபிடிப்புக்கு ஆதரவு கிட்டாத பொறியியலாளனின் மனக்கசப்பைத் தேசத்துரோகமாக மட்டும் சுருக்கிவிடும் முடிவு, தொடக்கம் தந்த நம்பிக்கையை நிறைவேற்றவில்லை என்பது என் கருத்து.)

ஜேர்மனியில் பிரிட்ஸ் லாங் 1931 இல் உருவாக்கிய ‘எம்’ படத்தில் இருள்கூடத் தேவைப்படவில்லை. தொழிலாளர் குடியிருப்பு முற்றத்திற் சிறுவர் கொலைகாரனைப் பற்றிப் பாடி விளையாடுகின்றனர். தாயொருத்தி சலவை வேலைக்கிடையே, பள்ளியிலிருந்து வரவேண்டிய மகளுக்கு உணவு பரிமாறக் காத்திருக்கிறாள். வெறுமையான தட்டு, உருண்டு வரும் பந்து, கம்பியிற் சிக்கிய பலூன்: கொலை காட்டப்படாமலே உணர்த்தப்படுகின்றது. உழைக்கும் தாயாற் பிள்ளையை அழைத்துவரப் போகமுடியாமை அந்த அச்சத்தின் உள்ளடக்கமாகின்றது.

இவற்றுக்கு மறுதலையானது, ‘வோ கௌன் தீ’ (1964) என்ற இந்திப்படத்தைத் தழுவிய ‘யார் நீ’ (1966). மூலப்படத்தின் தொடக்கத்தில், மழையிரவிற் கார் ஓட்டிவரும் மருத்துவன் வெள்ளையுடுத்த பெண்ணொருத்தியை ஏற்றிச் செல்கிறான். ஆவியோ என மயங்கவைக்கும் இக்காட்சியின் பின்னாலிருப்பது, அவனைப் பித்தனாக்கிப் பரம்பரைச் சொத்தைக் கவரும் சதியே. சொத்துடைமையிலிருந்து பிறக்கும் குற்றத்துக்கு மழையும் இருளும் பேய்வேடம் புனைகின்றன. வேடம் கலையும்போது சதிகாரன் ஒருவன் அகப்படுகிறான், சொத்துறவு கேள்விக்குள்ளாவதில்லை.

நெல்லியடி போன்றதோர் ஊரில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1987 மே மாத இறுதியில் வடமராட்சியில் நடந்த இராணுவ நடவடிக்கையையும் ஊரடங்கு இரவுகளையும் கண்டவர்க்கு, இருளிற் கேட்கும் வெடியோசை அச்சமூட்டப் பின்னணி இசை வேண்டியதில்லை. அத்தகையோர் வெள்ளைச்சேலைப் பெண்ணைக் கண்டு சிரிக்கவுங்கூடும். ஆனால் ‘அந்த நாளி’ல் வேட்டொலி கேட்ட அயலவர் உடனே பொலிசாருக்கு அறிவிக்கிறாரே, அதுதான் அவர்களுக்கு விளங்காத மர்மமாயிருக்கும்.