சிறுநீரக தானமும் பரம்பரைக் குருதிப்பெருக்கு நோய்களும்: கண்டிப் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

கண்டி தேசிய வைத்தியசாலையின் சிறுநீரகப் பிரிவு நகரத்தவருக்கு மட்டும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை. 1990களில் இனங்காணப்பட்டு, இன்றுவரை காரணம் துணியப்படாத சிறுநீரக நோய்க்கு ஆளான வடமத்திய மாகாண விவசாயிகள் அதனை நாடி வந்துள்ளனர். புசல்லாவை, நாவலப்பிட்டி, அட்டன் பகுதிகளின் தோட்டத் தொழிலாளரும் அங்கு வருகின்றனர். சிறுநீரகங்கள் முற்றாகச் செயலிழந்த ஒருவருக்குத் தாயோ தமக்கையோ தம் சிறுநீரகத்தை ஈய முன்வருவது இயல்பு. அவ்வாறு முன்வருபவர் பரம்பரைக் குருதிப்பெருக்கு நோய் உடையவராயின் அத்தானத்தை ஏற்கலாமா என்பதே நாம் இங்கு ஆராயும் வினா.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஈமோபீலியா எனப்படும் குருதி உறையாமை நோய், தானமாகப் பெற்ற சிறுநீரகத்தின் வழியே பெறுபவரைத் தொற்றுவதில்லை. உறைதலுக்கு வேண்டிய எட்டாம், ஒன்பதாம் காரணிகள் பிரதானமாக ஈரலில் உருவாகின்றன. பெறுபவரின் ஈரல் அவருடையதே. (ஈரல் தானமாயின் நிலைமை வேறு. ஈமோபீலியா நோயாளிக்கு ஆரோக்கியமான ஈரல் பொருத்தப்படின் நோயே நீங்கிவிடுகிறது.) ஆகவே ஆபத்து ஈபவருக்கே உரியது.

அவ்வாபத்தின் அளவு யாது? இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. ஆரோக்கியமான ஈவோரிடையேயும் மரணம் முற்றாக இல்லாமலில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1994 முதல் 2009 வரை சிறுநீரகம் ஈந்த எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றி 2010இல் வெளிவந்த ஆய்வு, தொண்ணூறு நாட்களுள் பத்தாயிரத்துக்கு 3.1 பேர் இறந்ததைக் காட்டிற்று. உறையும் ஆற்றல் குறைந்தவரிடத்து, சத்திரசிகிச்சை நாளில் அடங்கிய குருதிப்பெருக்கு சில நாட்கள் கழித்து மீளவும் தொடங்கக்கூடும். எனவே குறைந்த காரணியை ஒரு வாரத்துக்கு மேலாக ஊசி வழியே ஈடுசெய்ய நேரிடும். ஈமோபீலியா நோயாளருக்குச் சிறுநீருடன் குருதி வெளியேறுவதும் உண்டு. அக்குருதி உறைந்து சிறுநீர்க்கானை அடைத்தால், இரு சிறுநீரகம் உடையவர் தப்பிவிடலாம். ஒன்றே எஞ்சியவரின் கதி என்ன? கடும் நோயுடையோரின் தானத்தை மறுப்பதற்கு இதுவே எமக்குப் போதிய நியாயமாகப் படுகிறது.

இலேசான நோயுடையோர் விடயம் அத்துணைத் தெளிவானதன்று. காரணியின் அளவு சாதாரண அளவில் நூற்றுக்கு ஐந்து முதல் நாற்பது வரை உள்ளோரை இலேசானவர் என்பர். அவருட் சிலருக்கும், வொன் வில்லிபிரான்ட் நோயின் முதல் வகையினருக்கும், இப்பயன் 1977 முதல் அறியப்பட்ட டெஸ்மோபிரசின் மருந்து உதவுகிறது. ஆயின் அது உடலில் நீரைத் தேக்கிவைப்பது. சிறுநீரகம் ஈபவருக்கோ சத்திரசிகிச்சையின்போது திரவம் தாராளமாக ஏற்றப்படுகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று கெடுக்காவண்ணம் பார்த்துக்கொள்ளக் குருதியியல் வைத்தியரும் உடனிருத்தல் வேண்டும். நோயின் பெயரைக் கேட்டதும் மறுப்பதை நாம் ஏற்கவில்லை; அளவே தீர்மானிக்க வேண்டும்.

அறிந்த நோயினும் அறியாத நோயே அஞ்சத்தக்கது. ஈமோபீலியாவைக் 'கடத்துபவர்' எனப்படும் பெண்கள் நோயற்றவர் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அவருட் பலரிடம் காரணியின் அளவு குறைந்தே காணப்படுகிறது. வொன் வில்லிபிரான்ட் நோயோ இருபாலாரையும் தாக்குவது. வழக்கமான உறைதற் பரிசோதனைகள் இவ்விரு நிலைகளிலும் சாதாரண விடையையே தரக்கூடும். யாவருக்கும் பொருந்தும் என்று விரும்பப்படும் ஓ வகைக் குருதியினரிடம் வொன் வில்லிபிரான்ட் காரணி இயல்பாகவே சற்றுக் குறைவு என்பதும் நினைக்கத்தக்கது.

எனவே வினாக்களே முதற் பரிசோதனையாகின்றன. பல் பிடுங்கியபோது குருதி எவ்வளவு நேரம் நிற்காதிருந்தது? மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கிறது? பிள்ளைப்பேற்றின்பின் குருதி ஏற்றப்பட்டதா? குடும்பத்தில் ஆண் குழந்தை எவரேனும் சிறு காயத்தால் இறந்தனரா? தோட்டத்துத் தாய் ஒருத்தி இவற்றுக்குத் தமிழில் விடை கூறுவாள். அதுவும் ஆடவர் முன்னிலையிற் கூறத் தயங்குவாள். கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிடின், பக்கத்தில் நிற்கும் மகனோ கணவனோ மொழிபெயர்ப்பாளன் ஆகிறான். சிறுநீரகத்தை எதிர்பார்த்திருப்பவனும் சில வேளை அவனே. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் ஈபவரின் சம்மதத்தை வேண்டிநிற்கிறது. அச்சம்மதத்துக்கு முன்னரே, குடும்பத்தவர் அல்லாத, தமிழறிந்த ஒரு பெண் உத்தியோகத்தர் அவளைத் தனியே அழைத்து இவ்வினாக்களைக் கேட்டல் வேண்டும். விடை ஐயத்துக்கு இடமளிப்பின், காரணிகளின் அளவை நேரடியாகவே அளந்த பின்னர்தான் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தல் வேண்டும்.