திங்கள்தோறும் ஆயிரம்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், ஆவடியைக் கடந்து மேற்கே சென்றால் திருநின்றவூரை அடையலாம். 'திரு' என்பது திருமகளைக் குறிக்கும். வைகுந்தத்தை நீங்கிய திருமகள் இவ்விடத்தே வந்து நின்றமையால் ஊருக்கு இப்பெயர் வாய்த்தது என்பது தலபுராணச் செய்தி. குபேரனும் தான் இழந்த செல்வத்தை இங்கு வழிபட்டே மீண்டும் பெற்றான் என்பர். பூசலார் நாயனார் வாழ்ந்ததும் இவ்வூரிலேதான். சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விரும்பி எங்கெங்கோ பொருள் தேடியும் கிடைக்கப்பெறாமல், தம் மனத்துள்ளேயே கோயிலைக் கட்டி முடித்தவர் அவர். திருமகள் நின்ற ஊரிலேயே கையில் பொருளில்லாத ஒருவரின் வரலாறும் வழங்கி வருவது எண்ணத்தக்கது. மனத்துள் கோயில் எழுப்பலாம். மனத்துள் உலை வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு படைத்தல் இயலுமா?

திருநின்றவூரைச் சூழ்ந்த சிற்றூர்கள் முன்னாளில் ஏரிநீரை நம்பி நெல் விளைத்தவை. இன்று வயல்களுக்கு இடையே மனைப்பிரிவுகளும் தொழிற்கூடங்களும் எழுந்துள்ளன. நிலமில்லாதார் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்கின்றனர். கட்டட வேலைக்குச் செல்கின்றனர். பெண்கள் சிலர் விடியற்காலையிலேயே மின்தொடர்வண்டி ஏறி, நகரத்து இல்லங்களில் பணிசெய்து மீள்கின்றனர். இவற்றுள் பெரும்பாலானவை உழைத்த நாளுக்கு மட்டுமே ஊதியம் தரும் வேலைகள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் கட்டட வேலை நின்றுவிடும். நடவு முடிந்தபின் களையெடுக்கும் வரையில் வயலில் வேலை இராது. கூலி வராத நாளிலும் செலவு வந்துகொண்டே இருக்கும். அரசுப் பள்ளியில் பாடநூலும் சீருடையும் விலையின்றிக் கிடைப்பினும், ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது பெற்றோருக்கு வேறு செலவுகள் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அது கூலி வரும் நாளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

வரவுக்கு நாள் இல்லை. செலவுக்கு நாள் உண்டு. ஏழைக் குடும்பத்தின் இடர்ப்பாடு வருவாய் குறைவு என்பதோடு நின்றுவிடாமல், இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியிலும் இருக்கிறது. அவ்விடைவெளியை நிரப்புவது கடன்.

கடன் பல வகைப்படும். மளிகைக் கடைக் கணக்கு ஒருவகை. நகையை அடகு வைப்பது மற்றொருவகை. 'தண்டல்' என்பது சென்னையிலும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் வழங்கும் கடன்முறை. எடுத்துக்காட்டாக, பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் எனில், வட்டியாக 1,500 ரூபாயை முன்னரே கழித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பர். பின்னர் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்களில் பத்தாயிரமாகச் செலுத்துதல் வேண்டும். வேலை இல்லாத நாளிலும் தண்டற்காரர் வாயிலில் வந்து நிற்பார். இவற்றினும் கொடியது 'முன்பணம்'. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் பெற்று, அதனை அடைக்க இயலாமல் குடும்பத்தோடு கொத்தடிமைகளாயினோர் பலர். இருளர் குடும்பங்கள் பல இவ்வாறு சிக்குண்டு, பின்னர் அரசு அலுவலர்களால் மீட்கப்பட்டுள்ளன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆயினும் சட்டத்தால் முன்பணத்தைத் தடுக்கலாமேயன்றி, அதனை வாங்கத் தூண்டும் தேவையைத் தடுத்தல் அரிது. ஒரு சிறு தொகைக்காக ஒரு குடும்பம் தன் உழைப்பையும் பிள்ளைகளின் கல்வியையும் ஒருங்கே இழக்க நேர்கிறது என்பதை மாணவர்களாகிய நீங்கள் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

ஏழைகளுக்கு அரசு பொருளாக உதவுவது நாம் நன்கறிந்த முறை. பள்ளியில் நண்பகல் உணவும் நியாயவிலைக் கடை அரிசியும் அத்தகையன. பணமாகவே கொடுத்துவிடும் முறையும் நம் மாநிலத்திற்குப் புதிதன்று. ஆதரவற்ற முதியோர்க்குத் திங்கள்தோறும் 20 ரூபாய் வழங்கும் திட்டம் 1962ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கப்பெற்றது. நெடுங்காலம் அத்தொகையை மணியார்டராகத் தபால்காரர்களே கொணர்ந்தனர். தபால்காரரின் வருகையை எதிர்நோக்கித் திண்ணையில் முதியோர் அமர்ந்திருக்கும் காட்சி நம் சிற்றூர்களில் பலகாலம் காணப்பட்டதே. ஏழைத் தாய்மார்களுக்கான மகப்பேற்று நிதியுதவியும் பின்னர் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் தாங்கிய அத்திட்டத்தின் தொகை 2011இல் 12,000 ரூபாயாகவும் 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது.

இவ்வரிசையில் மிகப் பெரியது, 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பெற்ற கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம். குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் நேரே செலுத்தப்படும் என்பது அதன் சாரம். 21 வயது நிறைந்திருத்தல், குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மிகாதிருத்தல், நிலம் நன்செய் எனில் ஐந்து ஏக்கருக்கும் புன்செய் எனில் பத்து ஏக்கருக்கும் மிகாதிருத்தல் முதலியன அதற்கு விதிக்கப்பட்ட வரம்புகள். தொடக்கத்தில் 1 கோடியே 6 இலட்சத்து 50 ஆயிரம் மகளிர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவ்வளவு பேருக்கும் ஆயிரம் வீதம் கொடுத்தால் ஒரு திங்களுக்கு 1,065 கோடி ரூபாய் ஆகும். கணக்குகள் சரியாக உள்ளனவா என்று அறிய, முதலில் ஒற்றை ரூபாயை அனுப்பிச் சோதித்தனர்! இதற்கு உதவித் தொகை என்று பெயரிடாமல் உரிமைத் தொகை என்று பெயரிட்டனர். இல்லத்தில் மகளிர் கூலியின்றிச் செய்யும் உழைப்புக்கு மதிப்பளிக்கும் கருத்தால் அப்பெயர் அமைந்தது.

ஆயிரத்தை முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு முப்பத்துமூன்று ரூபாய்க்குச் சிறிது மேல் வரும். இஃது ஒரு குடும்பத்தை வறுமையினின்றும் தூக்கி நிறுத்திவிடாது. பின் இதனால் விளையும் பயன் யாது? இத்தொகைக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருத்தலே இதன் ஆற்றல். மழையானாலும் வேலை நின்றாலும் திங்களின் நடுவில் அது வந்துசேரும் என்பது மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும். ஆதலின் அவர் தயக்கமின்றிப் பருப்பும் எண்ணெயும் தருவார். மகளிர் சுயஉதவிக் குழுவில் பெற்ற கடனின் தவணையை அதனைக் கொண்டு செலுத்தலாம். தவணை தவறாதவர்க்குக் குழுவில் மீண்டும் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும். அங்ஙனம் கிடைப்பின், தண்டற்காரரிடம் செல்லும் தேவை குறையும். சிறு தொகை தானே அடைக்கும் செலவைவிட, அது தவிர்க்கும் வட்டியே பெரிது என்று சொல்லலாம்.

கையில் பணம் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவர் என்றும், உழைக்க மறுத்துச் சோம்பியிருப்பர் என்றும் கூறுவோர் உண்டு. இதனை வாதத்தால் தீர்ப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பதே முறை. அத்தகைய சோதனை ஒன்று மத்தியப் பிரதேச மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு தொடங்கியது. சேவா என்னும் பெண்தொழிலாளர் அமைப்பு, யுனிசெப் நிறுவனத்தின் துணையோடு எட்டுச் சிற்றூர்களில் வாழ்ந்த அனைவருக்கும் திங்கள்தோறும் பணம் அளித்தது. முதற்கண் பெரியவர்க்கு 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய். பின்னர் முந்நூறும் நூற்றைம்பதும் ஆயின. குழந்தையின் பங்கு தாயிடம் தரப்பட்டது. பணம் பெறாத வேறு பன்னிரண்டு ஊர்களையும் உடன் ஆராய்ந்து ஒப்பிட்டனர். ஒப்பிட ஊர்கள் இல்லையேல், காணும் மாற்றம் பணத்தால் விளைந்ததா நல்ல மழையால் விளைந்ததா என்று கூற இயலாதன்றோ? பணம் பெற்ற ஊர்களில் பருப்பும் காய்கறியும் மிகுதியாக உண்ணப்பட்டன. பிள்ளைகள் பள்ளிக்கு வருவது மிகுந்தது. குடிக்கான செலவு ஏறவில்லை. மக்கள் சோம்பியிருக்கவுமில்லை, பிறர் வயலில் கூலிக்குச் சென்ற சிறு உழவர் சிலர் விதையும் உரமும் வாங்கித் தம் சொந்த நிலத்தில் உழைக்கத் தொடங்கினர்.

அங்ஙனமாயின் அரிசியையும் நிறுத்திவிட்டுப் பணமாகவே தரலாமே என்று வினவலாம். நம் அண்டையிலுள்ள புதுச்சேரியில் அவ்வாறு செய்து பார்த்தனர். 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் நியாயவிலைக் கடைத் தானியத்திற்கு மாறாகப் பணம் வழங்கும் முறை அங்கே புகுந்தது. கடையில் அரிசியின் விலை ஏறினால் கையிலுள்ள பணம் அதனோடு ஏறாது. அரிசியே வேண்டும் என்ற குரல் அங்கு ஓயாது எழுந்தது. 2024ஆம் ஆண்டில் நியாயவிலைக் கடைகளைத் திறந்து மீண்டும் அரிசி வழங்கத் தொடங்கினர். தமிழ்நாட்டில் ஆயிரம் ரூபாய் அரிசிக்கு மாற்றாக வராமல், அரிசியோடு கூடுதலாக வந்தது. அதுவே தக்கது என்பது என் கருத்து.

இத்திட்டத்திற்குக் குறைகள் இல்லாமலில்லை. தொகை முதன்முதல் வந்துசேர்ந்த 2023 செப்டம்பரிலேயே, கணக்கில் குறைந்த அளவு இருப்பு இல்லை என்று கூறிச் சில வங்கிகள் அதிலிருந்து கட்டணம் பிடித்துக்கொண்டன. ஏழைக்கு வந்த ஆயிரத்தை, ஏழையாயிருந்த குற்றத்திற்காகவே குறைத்த விந்தை இது! நிதியமைச்சர் தலையிட்டு அச்செயலைக் கண்டிக்க நேர்ந்தது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்மணி என்னும் விதியால், மாமியார் பெற்றால் அதே அட்டையிலுள்ள மருமகள் பெற இயலாது. விலைவாசியின் சிக்கலோ இன்னும் ஆழமானது. முதியோர் உதவித் தொகை 2011இல் ஆயிரம் ரூபாயாக்கப்பட்டது. அது 1,200 ஆக உயர்ந்தது 2023இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் தொகை அதுவாகவே இருக்க, அதனைக்கொண்டு வாங்கக்கூடிய பொருள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது.

எவ்வரம்பிற்குள்ளும் அடங்காதோரும் உளர். சூளைகளில் செங்கல் அறுக்க ஒடிசாவிலிருந்து பல குடும்பங்கள் ஆண்டுதோறும் திருவள்ளூர் மாவட்டத்திற்கு வருகின்றன. அவர்களிடம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை இல்லை. எனவே இங்குள்ள தொகை அவர்களைச் சேராது. ஒடிசா அரசும் தன் மாநிலத்து மகளிர்க்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாயை இரு தவணைகளாக வழங்கும் 'சுபத்ரா' என்னும் திட்டத்தை 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் தொடங்கியது. அத்தவணை தன் ஊர் வங்கியில் வந்துசேரும் நாளில் அக்கணக்கிற்குரிய தாய், முன்பணத்தை அடைப்பதற்காக இங்கே களிமண்ணைப் பிசைந்துகொண்டிருக்கக்கூடும்.