கார் கொட்டகையில் பிறந்த எந்திர மனிதர்கள்!

உயரம் மூன்றரை அடி. தலை, கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி. உடம்பு, பீப்பாய் மாதிரி. முகம் கிடையாது. ஒரு வார்த்தை பேசத் தெரியாது. “பீப்... பூப்...” என்று சீட்டி அடிக்கும். அவ்வளவுதான்.

ஆனால், கோடிக்கணக்கான பேர் அதன் மீது உயிரை வைத்து இருக்கிறார்கள்!

அதன் பெயர் “ஆர்2-டி2”. 1977-ம் ஆண்டில் வெளிவந்த “ஸ்டார் வார்ஸ்” என்ற அமெரிக்கப் படத்தில் வரும் எந்திர மனிதன் அது. வானத்தில், நட்சத்திரங்களுக்கு நடுவே நடக்கும் சண்டைதான் கதை. ஜார்ஜ் லூகாஸ் என்பவர் டைரக்ட் செய்தார். கதாநாயகன் உண்டு, இளவரசி உண்டு, கருப்பு உடை அணிந்த வில்லன் உண்டு. என்றாலும், தியேட்டரை விட்டு வெளியே வந்த பிள்ளைகள் கேட்டது இந்தப் பீப்பாயைத்தான்.

பிள்ளைகள் மட்டுமா? பெரியவர்களும்தான். சிலர் கேட்டதோடு நிற்கவில்லை. வீட்டிலேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள்!

கடையில் விற்கும் பொம்மை அல்ல, அவர்கள் செய்வது. படத்தில் வந்த அதே உயரம். அதே அகலம். தலை சுற்ற வேண்டும். விளக்கு எரிய வேண்டும். தரையில் ஓட வேண்டும். சீட்டி அடிக்க வேண்டும்.

இப்படிச் செய்தவர்களில் இரண்டு பேரைச் சினிமாக் கம்பெனியே கூப்பிட்டு வேலை கொடுத்தது. அது எப்படி நடந்தது? அதற்கு முன்பு, அசல் எந்திரம் பிறந்த கதையைப் பார்ப்போம்.

உள்ளே ஒரு மனிதர்!

“ஸ்டார் வார்ஸ்” படத்தை எடுத்தபோது கையில் பணம் குறைவு. படத்தின் பெரும் பகுதி இங்கிலாந்தில் உள்ள எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. அங்கே அரங்கப் பொருள்களைக் கவனித்தவர் ராஜர் கிறிஸ்டியன்.

புதிதாக எல்லாவற்றையும் செய்யப் பணம் இல்லை. அவர் என்ன செய்தார்? உடைத்துப் போட்ட பழைய விமானங்களின் சாமான்களை எடைக்கு வாங்கினார். அதில் பொறுக்கி எடுத்தவற்றை இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாக ஒட்டினார். எந்திர மனிதனின் முதல் மாதிரி உருவம் இரும்பிலே செய்யப்படவில்லை. மரத்தில், ஒரு தச்சரை வைத்துக்கொண்டு செய்தார்கள்!

கதாநாயகனின் ஒளி வாளும் அப்படித்தான். லண்டனில் உள்ள ஒரு போட்டோக் கடையில், பழைய சாமான்களுக்கு இடையே சில கைப்பிடிகள் கிடந்தன. பத்திரிகைப் படக்காரர்கள் அந்தக் காலத்தில் காமிராவோடு வைத்திருந்த “கிராப்லெக்ஸ்” பிளாஷ் விளக்கின் கைப்பிடிகள் அவை. கிறிஸ்டியன் அதைக் கையில் எடுத்தார். பிளாஸ்டிக் பட்டைகளை வெட்டி ஒட்டினார். வாளின் பிடி தயார்! இன்று அந்தப் பழைய கைப்பிடிக்கு ஏகக் கிராக்கி. வாள் செய்கிறவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். பழைய காமிரா சேகரிக்கிறவர்களுக்கு இதில் ஒரே எரிச்சல்!

எந்திர மனிதன் நடக்க வேண்டுமே, அதற்கு என்ன வழி? உள்ளே ஒரு மனிதரை உட்கார வைத்தார்கள். அவர் பெயர் கென்னி பேக்கர். உயரம் 3 அடி 8 அங்குலம். மேடைகளில் வேடிக்கை நிகழ்ச்சி நடத்தி வந்தவர். உள்ளே உட்கார்ந்துகொண்டு உடம்பை ஆட்டினால், எந்திரம் இரண்டு காலில் ஆடி ஆடி நிற்கும். மூன்று காலில் உருண்டு ஓடும் காட்சிகளுக்கு வேறு எந்திரம். அதை ரேடியோ மூலம் தூரத்தில் இருந்து ஓட்டினார்கள்.

1976 மார்ச் மாதத்தில், டுனீசியா நாட்டுப் பாலைவனத்தில் படப்பிடிப்பு தொடங்கியது. எந்திரங்கள் அடம் பிடித்தன. போ என்றால் நின்றன. நில் என்றால் போய் முட்டின! பாடாய்ப் பட்டுப் படத்தை முடித்தார்கள்.

அந்தச் சீட்டிச் சத்தத்தைச் செய்தவர் பென் பர்ட் என்ற ஒலி நிபுணர். மின்சார இசைக் கருவியின் ஓசையோடு, குழந்தை மழலை பேசுவது போலத் தம் குரலையும் கலந்தார். அதனால்தான் அந்தப் பீப்பாய் அழுவது போலவும், கொஞ்சுவது போலவும், கோபிப்பது போலவும் நமக்குத் தோன்றுகிறது.

சங்கம் வைத்தார்கள்

படத்தைப் பார்த்துப் பார்த்துத் தனித்தனியே செய்தவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. 1999-ம் ஆண்டில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவ் எவரெட் என்பவர் இவர்களுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். கண்காட்சிகளில் வைக்கப்பட்ட அசல் எந்திரங்களை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்கள். அளவுப் படம் போட்டார்கள். போட்டதை எல்லாரும் பகிர்ந்துகொண்டார்கள்.

சரி, செய்வது எப்படி?

உடம்பின் குறுக்களவு சுமார் 18 அங்குலம். மரப் பலகையை வட்டம் வட்டமாக வெட்டி, கம்பிகளால் இணைத்தால் கூடு கிடைக்கும். அலுமினியத்திலும் கூடு செய்யலாம். அதன் மேல் தகட்டைச் சுற்ற வேண்டும். கையில் காசு இருந்தால் அலுமினியத் தகடு. காசு இல்லையா? பிளாஸ்டிக் தகட்டைக் கத்தியால் வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினாலும் போதும். வெள்ளை பூசிய பிறகு, தட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

தலைதான் கஷ்டம். அலுமினியத் தகட்டை எந்திரத்தில் சுழலவிட்டு, அச்சின் மீது அழுத்தி அழுத்திக் கிண்ணம் போல் ஆக்க வேண்டும். நம் ஊரில் பாத்திரம் செய்கிறவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். எல்லாரிடமும் அந்த எந்திரம் இருக்குமா? அதனால், 20 பேருக்கு, 30 பேருக்குத் தேவையான உறுப்புகளை ஒருவர் மொத்தமாகச் செய்வார். ஆன செலவை எல்லாரும் பங்கிட்டுக்கொள்வார்கள். இதில் லாபம் வைப்பது இல்லை. எந்திர மனிதன் சினிமாக் கம்பெனிக்குச் சொந்தமானது. ஆசைக்குச் செய்துகொள்ளலாம், விற்றுப் பிழைக்கக் கூடாது.

இப்போது, பிளாஸ்டிக்கை உருக்கி, இழை இழையாக அடுக்கி, கேட்ட உருவத்தைச் செய்து தரும் அச்சு எந்திரம் வந்துவிட்டது. மேஜை மேல் வைக்கக்கூடிய அளவுதான். அது வந்ததில் இருந்து, பட்டறை இல்லாதவர்களும் செய்கிறார்கள்.

இரண்டு பாதங்களிலும் ஒவ்வொரு மோட்டார். உடல் ஊனமுற்றோர் பயன்படுத்தும் மின்சார நாற்காலியின் மோட்டார் இதற்கு நன்றாகப் பொருந்தும். வலது மோட்டார் வேகமாக ஓடினால் எந்திரம் இடது பக்கம் திரும்பும். இடது மோட்டார் வேகமாக ஓடினால் வலது பக்கம் திரும்பும். இரண்டும் சேர்ந்து ஓடினால் நேரே போகும். வயிற்றுக்குள் பாட்டரி. கழுத்தில் வளையம் போன்ற பெரிய பேரிங். தலை சுற்றுவது அதனால்தான். பிள்ளைகள் வீடியோ விளையாட்டுக்கு வைத்திருக்கும் கைப்பிடி போன்ற ஒன்றைக் கொண்டு தூரத்தில் இருந்து ஓட்டுகிறார்கள்.

முழுவதும் அலுமினியத்தில் செய்தால், எடை 100 கிலோவைத் தொடுவதும் உண்டு. செலவு பல ஆயிரம் டாலர். காலமோ, சிலருக்கு ஒரு வருஷம், சிலருக்கு ஐந்து வருஷம். மனைவிமார்கள் என்ன சொன்னார்கள் என்பதை நாம் கேட்க வேண்டாம்!

நீலமா, ஊதாவா?

இவ்வளவு செய்த பிறகும் ஒரு தகராறு தீரவில்லை. எந்த நீலம் பூசுவது?

அசல் எந்திரத்தில் இருந்த நீலம் சாதாரண நீலம் அல்ல. பளபளப்பான உலோகத்தின் மேல் பூசியது. ஒரு பக்கம் நின்று பார்த்தால் நீலம். வெளிச்சம் மாறினால் ஊதா. படத்திலே பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், அதிலும் ஒரு வம்பு. விண்வெளிக் காட்சிகளை நீலத் திரைக்கு முன்னால் வைத்துப் படம் பிடித்தார்கள். பின்னால் உள்ள நீலத்தை மறையச் செய்யும் தந்திரம் அது. எந்திரத்தின் நீலமும் சேர்ந்து மறைந்தது! அதனால், படம் முதலில் வெளிவந்தபோது விண்வெளிக் காட்சிகளில் அந்தப் பகுதிகள் கருப்பாகத் தெரிந்தன.

ரோஜா நிற எந்திரம்

ஆனால், இந்தச் சங்கத்தார் செய்த எந்திரங்களில் மிகவும் புகழ் பெற்ற ஒன்றின் நிறம் நீலம் அல்ல. ரோஜா நிறம்!

அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்தில் ஒரு சிறுமி. செல்லப் பெயர் கேட்டி. அவளுடைய தந்தை, “ஸ்டார் வார்ஸ்” படத்தில் வரும் வெள்ளைக் கவசச் சிப்பாய்களைப் போல உடை அணியும் ரசிகர் படை ஒன்றை 1997-ம் ஆண்டில் தொடங்கியவர்.

சிறுமிக்கு மூளையில் புற்று நோய். பிழைக்க வழி இல்லை என்று டாக்டர்கள் கூறிவிட்டார்கள்.

2002-ம் ஆண்டில் வெளிவந்த “ஸ்டார் வார்ஸ்” படத்தில் ஒரு காட்சி வரும். கதாநாயகி தூங்குவாள். ஆர்2-டி2 அறையில் நின்று காவல் காக்கும். அதைப் பார்த்திருந்த சிறுமி, “எனக்கும் அப்படி ஒன்று வேண்டும், நான் தூங்கும்போது காவல் இருக்க வேண்டும்” என்று ஆசைப்பட்டாள்.

தந்தை, எந்திரம் செய்யும் சங்கத்தாருக்குச் செய்தி அனுப்பினார். முழு எந்திரம் செய்ய மாதக் கணக்கில் ஆகுமே! சிறுமிக்கு அவ்வளவு நாள் இல்லை. கையில் இருந்த உறுப்புகளைச் சேர்த்து, அவசர அவசரமாக ஒன்றைத் தயார் செய்தார்கள். அவளுக்காக ரோஜா நிறம் பூசினார்கள். “ஆர்2-கே.டி.” என்று அவளுடைய சகோதரி பெயர் சூட்டினாள். ஆங்கிலத்தில் அந்த இரண்டு எழுத்துக்களைச் சேர்த்துச் சொன்னால், “கேட்டி” என்று ஒலிக்கும்.

2005 ஜூலை மாதத்தில் எந்திரம் வந்து சேர்ந்தது. சிறுமி அதைக் கட்டிக்கொண்டாள். அடுத்த மாதம் கண்ணை மூடினாள். அப்போது அவளுக்கு வயது 7.

சங்கத்தார் வேலையை நிறுத்தவில்லை. அவசரத்தில் செய்தது வேறு. சொன்ன சொல் வேறு அல்லவா? முழு எந்திரத்தையும் செய்து முடித்தார்கள். 2006-ம் ஆண்டில் அது ஓடத் தொடங்கியது. குழந்தைகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிற்று. தர்ம காரியங்களுக்கு நிதி திரட்டிக் கொடுத்தது.

கம்பெனி கூப்பிட்டது!

2012-ம் ஆண்டில், ஜார்ஜ் லூகாசின் கம்பெனியை டிஸ்னி கம்பெனி விலைக்கு வாங்கியது. புதிய “ஸ்டார் வார்ஸ்” படம் எடுப்பதாக அறிவித்தது. கம்பெனியின் தலைவியாக அப்போது இருந்தவர் காத்லீன் கென்னடி.

2013 ஜூலையில், ஜெர்மனியில் உள்ள எஸ்ஸென் நகரத்தில் ரசிகர் விழா நடந்தது. எந்திரம் செய்கிறவர்கள், தங்கள் எந்திரங்களை அங்கே வரிசையாக நிறுத்தி இருந்தார்கள். காத்லீன் கென்னடி வந்து பார்த்தார். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தில் இருந்து வந்தவர்கள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். லீ டவர்சி, ஆலிவர் ஸ்டீபிள்ஸ். புதுப் படத்துக்கு ஆள் தேவை என்றால் நாங்கள் தயார் என்று, பாதி வேடிக்கையாகச் சொல்லி வைத்தார்கள்.

வேடிக்கை உண்மை ஆயிற்று! அந்த வருஷமே கம்பெனியில் இருந்து அழைப்பு வந்தது. இரண்டு பேரும் லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள பைன்வுட் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். படத்தில் வரும் ஆர்2-டி2-வைச் செய்யும் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. யோசித்துப் பார்த்தால், இதில் அதிசயம் இல்லை. 1976-ல் செய்த எந்திரம் அடுத்த காட்சி வரை நின்றால் போதும் என்று செய்தது. இவர்கள் செய்ததோ, வருஷக் கணக்காகப் பிள்ளைகள் இடித்தும் தள்ளியும் ஓடிக்கொண்டிருந்தது.

கென்னி பேக்கருக்கு அப்போது வயது ஏறக்குறைய 80. உள்ளே உட்காரவில்லை, ஆலோசகர் என்று படத்தில் அவர் பெயரைப் போட்டார்கள். 2016 ஆகஸ்டில் அவர் காலமானார்.

“தி போர்ஸ் அவேகன்ஸ்” என்ற அந்தப் படம் 2015 டிசம்பரில் வெளிவந்தது. அதில், விமானப் படைத் தளம் ஒன்று வரும். ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பல எந்திரங்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று ரோஜா நிறம். சில வினாடிதான் கண்ணில் படும். ஆர்2-கே.டி.தான் அது.